பாறையில் பேர் எழுதினால் ஜெயில்! 'சும்மா விளையாட்டுக்கு' என்றால் கோர்ட் விடுமா?

கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு... எந்த மலைக்குப் போனாலும் ஒரு காட்சி தவறாது. பாறை என்றால் அதில் ஒரு இதயம், நடுவில் ஒரு அம்பு, இரண்டு பக்கமும் இரண்டு பேர். மரம் என்றால் பேனாக்கத்தியால் கீறிய தேதி. குகை என்றால் கரியாலும் சுண்ணாம்பாலும் ஊர்ப் பெயர், காலேஜ் பெயர், ரசிகர் மன்றப் பெயர்.

மலை வரைக்கும் போக வேண்டாம். நெடுஞ்சாலையில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே போதும். ரோட்டோரக் கரட்டில் கட்சிக் கொடி, லாட்ஜ் விளம்பரம், மூலம் - பவுத்திரம் விளம்பரம் என்று வரிசையாக ஓடும்.

எழுதுகிறவருக்கு அது ஐந்து நிமிஷ வேலை. "கல்லுதானே சார், யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பார். ஆனால் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் தலை சுற்றும். இடத்தைப் பொறுத்து ஆறு மாதத்தில் தொடங்கி ஐந்து வருஷம் வரை ஜெயில் இருக்கிறது. அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகிறது. இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "இதுக்கெல்லாம் யார் கேஸ் போடப் போறா?" என்று இருந்துவிடுகிறார்கள்.

பாறை யாருடையது?

வழக்கு எந்தச் சட்டத்தில் வரும் என்பதை முடிவு செய்வது இந்த ஒரு கேள்விதான். பார்வைக்கு எல்லாப் பாறையும் ஒன்றுபோல இருக்கும். சட்டத்தின் கண்ணுக்கு அப்படி இல்லை.

ஒரு பாறை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கலாம். காப்புக்காட்டுக்குள் இருக்கலாம். பறவை, விலங்கு சரணாலயத்துக்குள் இருக்கலாம். வருவாய்த் துறையின் புறம்போக்கில் இருக்கலாம். தனியார் பட்டா நிலத்திலும் இருக்கலாம். 'யாருக்கும் சொந்தமில்லாத கல்' என்று ஒன்று கிடையாது. கேட்பாரற்றுக் கிடக்கிற புறம்போக்குப் பாறைகூட சர்க்கார் சொத்துதான்.

பட்டா நிலத்துப் பாறை என்றாலும் தப்பிக்க வழியில்லை. தமிழ்நாடு திறந்தவெளி இடங்கள் உருக்குலைப்புத் தடுப்புச் சட்டம் 1959ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், அந்த இடத்துக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் விளம்பரம் எழுதுவதும் ஒட்டுவதும் அதன்படி குற்றம். சுவர் விளம்பரக்காரர்கள் மீது வழக்கமாகப் பாயும் சட்டம் இது. 'வாய் வார்த்தையா சொன்னாங்க' என்பது இங்கே செல்லாது.

நீலப் பலகை சொல்வது என்ன?

புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் போனவர்கள் மத்திய தொல்லியல் துறையின் நீலப் பலகையைப் பார்த்திருப்பார்கள். பார்த்தவர்கள் அதிகம், படித்தவர்கள் குறைவு. அந்த இடம் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதையும், சேதம் செய்தால் என்ன தண்டனை என்பதையும் சொல்லும் பலகை அது.

மத்திய அரசின் 1958ஆம் ஆண்டு தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் 30ஆவது பிரிவு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தை அழித்தாலும், சிதைத்தாலும், உருக்குலைத்தாலும் குற்றம். முதலில் இதற்கு மூன்று மாதம் ஜெயில், 5,000 ரூபாய் அபராதம் என்றுதான் இருந்தது. 2010இல் சட்டத்தைத் திருத்தி, இரண்டு வருஷம் ஜெயில், அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று ஏற்றிவிட்டார்கள்.

சித்தன்னவாசலில் அறிவர் கோயில் ஓவியம் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. அதே மலையில் ஏழடிப்பட்டம் என்று ஒரு இயற்கைக் குகை. உள்ளே சமண முனிவர்கள் படுத்த வழவழப்பான கற்படுக்கைகள். அதில் ஒன்றில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்து. மதுரைப் பக்கம் சமணர் மலை, மாங்குளம் என்று போனாலும் இதே கதை. மாங்குளத்துக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரே இருக்கிறது.

இங்கேதான் கெட்டிக்கார இளைஞர்கள் ஒரு மடக்குக் கேள்வி போடுவார்கள். "அவங்க எழுதினா கல்வெட்டு, நான் எழுதினா கேஸா?"

கேள்வி நியாயம் மாதிரிதான் தெரியும். பதிலும் உண்டு. அந்தக் காலத்தில் எழுதியவர்கள் குகையையும் படுக்கையையும் செய்து கொடுத்தவர் யார், யாருக்குக் கொடுத்தார் என்று பதிவு செய்தார்கள். அது கிட்டத்தட்ட ஒரு தானப் பத்திரம். இன்றைக்கு எழுதுகிறவர் அந்தப் பத்திரத்தின் மேலேயே கிறுக்குகிறார். ரிஜிஸ்திரார் ஆபீசில் இருக்கிற பத்திரத்தின் மேல் ஒருவர் காதலி பெயரை எழுதினால் விடுவார்களா? தவிர, இந்தச் சட்டம் குறைந்தது நூறு வருஷம் பழமையானதைத்தான் தொல்சின்னம் என்று ஏற்கிறது. நேற்று எழுதியது கல்வெட்டு ஆகாது. நேற்று செய்த குற்றத்துக்கு அது சாட்சி ஆகும்!

காட்டுக்குள் போனால் வேறு கணக்கு

காட்டுக்குள் நடந்தால் ஃபாரஸ்ட்டுக்காரர் வருவார். தமிழ்நாடு வனச் சட்டம் 1882ஆம் ஆண்டு சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் தேக்கையும் சந்தனத்தையும் காக்கப் போட்டதுதான். ஆனால் காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதும், மரத்தைச் சேதப்படுத்துவதும் இன்றைக்கும் அந்தச் சட்டப்படி குற்றம். வெட்டிச் சாய்த்தால்தான் சேதம் என்று நினைக்க வேண்டாம். பட்டையைக் கீறுவதும் சேதம்தான்.

கொடைக்கானல் குணா குகையையே எடுத்துக்கொள்ளலாம். 1991இல் வந்த 'குணா' படத்தால் பேர் பெற்ற இடம். 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளப் படம் ஓடியதும் கூட்டம் மறுபடி மொய்த்தது. அந்த வருஷமே தடை வேலியைத் தாண்டி ஆபத்தான பகுதிக்குள் இறங்கிய மூன்று இளைஞர்களை வனத்துறை கைது செய்தது. பேர் எழுதப் போகிறவரும் பாதி நேரம் வேலி தாண்டித்தான் போகிறார். ஆகவே எழுதுவதற்கு முன்னாலேயே முதல் குற்றம் முடிந்துவிடுகிறது.

சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் பிடி இன்னும் இறுகும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்கை மட்டும் காக்கவில்லை. விலங்கு வாழும் இடத்தையும், அங்கே இருக்கும் செடி கொடி மரத்தையும் சேர்த்தே காக்கிறது. அந்த வாழிடத்தைக் கெடுத்தால் 51ஆவது பிரிவின்படி மூன்று வருஷம் வரை ஜெயில். அபராதம் முன்பு 25,000 ரூபாய் வரை இருந்தது. 2022இல் செய்த திருத்தத்தில் அதை ஒரு லட்சமாக உயர்த்திவிட்டார்கள். கிண்டி தேசியப் பூங்கா நகரத்துக்கு நடுவில் இருப்பதால் இந்தச் சட்டம் அங்கே தளர்ந்துவிடாது.

போலீசுக்கு உள்ள ஆயுதம்

மேலே சொன்னவை சிறப்புச் சட்டங்கள். இவை எதிலும் வராத பாறை என்றாலும் போலீசார் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சம்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் சொத்துக்குச் சேதம் விளைவிப்பது 324ஆவது பிரிவு. சாதாரணச் சேதத்துக்கு ஆறு மாதம். சர்க்கார் சொத்து, உள்ளாட்சிச் சொத்து என்றால் ஒரு வருஷம். நஷ்டம் 20,000 ரூபாயைத் தொட்டால் இரண்டு வருஷம். ஒரு லட்சத்தைத் தொட்டால் ஐந்து வருஷம்.

நஷ்டத்தை எப்படிக் கணக்குப் போடுவது? பாறைக்கு மார்க்கெட் விலை கிடையாது. ஆனால் சுத்தம் செய்யும் செலவுக்கு விலை உண்டு. பழைய கல்லின் மேல் இருக்கும் பெயிண்டை, கல்லைக் காயப்படுத்தாமல் எடுக்க நிபுணர் வேண்டும், நாள் கணக்கில் ஆள் வேண்டும். பெயிண்ட் டப்பா விலை சில நூறு. அதை அழிக்கும் செலவு பல ஆயிரம். வழக்கில் பேசப்படுவது இந்தச் செலவுத் தொகைதான்.

இதற்கு மேல் 1984ஆம் ஆண்டு பொதுச் சொத்து சேதத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. இதில் ஐந்து வருஷம் வரை ஜெயிலும் அபராதமும். இன்னொரு சங்கடம், இந்தச் சட்டத்தில் உள்ளே போனவருக்கு ஜாமீன் கொடுப்பதற்கு முன், எதிர்க்க அரசுத் தரப்புக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பஸ் எரிப்பு, கல்வீச்சு கேஸ்களில் கேள்விப்படும் சட்டம் இது. பாறைக் கிறுக்கலுக்கு இதைப் போடுவது அபூர்வம். ஆனால் போட இடம் இருக்கிறது.

மணாலியில் என்ன நடந்தது?

"எல்லாம் புத்தகத்தில் இருக்கும், நடக்குமா?" என்று கேட்பவர்களுக்கு இமாசலப் பிரதேசம் பதில் சொல்கிறது.

2002ஆம் வருஷம். மணாலியிலிருந்து ரோத்தங் கணவாய் போகும் மலைப்பாதையில் பாறை பாறையாக விளம்பரம். பெரிய பெரிய குளிர்பானக் கம்பெனிகளின் பெயர்களும் அதில் இருந்தன. பத்திரிகையில் செய்தி வந்தது. டில்லி சுப்ரீம் கோர்ட் தானாகவே அதைக் கையில் எடுத்தது. ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னது. கம்பெனிகள்தான் செலவுக்குப் பணம் கட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டது.

அந்த வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தூரிகை பிடித்த உள்ளூர்ப் பெயிண்டரைத் தேடிக்கொண்டு கோர்ட் போகவில்லை. விளம்பரத்தால் லாபம் யாருக்கோ, கேள்வியும் அவருக்கே என்று போனது. நம் ஊரில் பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். நடுராத்திரி ஏணியோடு மாட்டுகிறவர் தினக்கூலி ஆள். எழுதச் சொன்ன முதலாளி மறுநாள் ஜாமீனுக்குக்கூட வருவதில்லை. சட்டத்தில் தூண்டியவரையும் சேர்க்க இடமுண்டு. பாறையில் போன் நம்பரே எழுதியிருக்கும்போது ஆளைக் கண்டுபிடிப்பதும் பெரிய துப்பறியும் வேலை இல்லை.

அமெரிக்காவில் கொடுத்த தண்டனை

கடல் கடந்தும் ஒரு கேஸ். 2014இல் நியூயார்க் பக்கத்துப் பெண் ஒருவர், யோசெமிட்டி, சயான், மரணப் பள்ளத்தாக்கு, கிரேட்டர் ஏரி என்று ஏழு இடங்களில் தேசியப் பூங்காப் பாறைகளில் அக்ரிலிக் பெயிண்டால் முகங்களை வரைந்து தள்ளினார். வரைந்ததோடு நிற்காமல் கையெழுத்தும் போட்டார். படம் எடுத்து இன்ஸ்டாகிராமிலும் போட்டார். யாரோ காட்டிக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று!

2016இல் ஏழு குற்றங்களையும் ஒப்புக்கொண்டார். கோர்ட் ஜெயிலுக்கு அனுப்பவில்லை. இரண்டு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு. 200 மணி நேரம் சமூக சேவை. அந்த இரண்டு வருஷமும் நாட்டில் எந்தத் தேசியப் பூங்காவிலும், மத்திய அரசின் பொது நிலங்களிலும் கால் வைக்கக் கூடாது. அந்த நிலம் அமெரிக்காவின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு! மலையை நேசிக்கிறேன் என்றவருக்கு மலைக்கே தடை.

நம் ஊரிலும் புதிய சட்டத்தில் சமூக சேவை என்ற தண்டனை முதல் முறையாக வந்திருக்கிறது. ஆனால் சில சின்னக் குற்றங்களுக்கு மட்டும்தான். சொத்துச் சேதப் பிரிவில் அது சேர்க்கப்படவில்லை. ஜெயில், அபராதம் இரண்டுதான் அங்கே எழுதியிருக்கிறது. கெடுத்தவன் கையாலேயே சுத்தம் செய்ய வைக்கும் தண்டனைக்கு இதைவிடப் பொருத்தமான குற்றம் வேறு எது? சட்டம் செய்தவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

முதல் தடவை தப்பு செய்தவருக்கு ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி, நீதிபதி மனது வைத்தால் எச்சரித்தோ, நன்னடத்தைப் பத்திரம் வாங்கிக்கொண்டோ விடலாம். நஷ்டத்தைக் கட்டச் சொல்லவும் முடியும். வனக் குற்றங்களில் சிலவற்றை வனத்துறை அதிகாரியே பணம் கட்டவைத்து இணக்கமாக முடிக்கவும் வழியுண்டு. நடைமுறையில் பல விஷயங்கள் இப்படித்தான் தீர்கின்றன.

பையன் வேலைக்குப் போகும்போது...

ஜெயிலைவிடப் பெரிய தண்டனை ஒன்று உண்டு. அது எந்தப் பிரிவிலும் எழுதியிருக்காது.

பத்தொன்பது வயதுப் பையன். நண்பர்களோடு டூர். பாறையில் எழுதும்போது பிடிபட்டு எஃப்.ஐ.ஆர். பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷம் கழித்து சர்க்கார் வேலைக்குத் தேர்வு எழுதிப் பாஸ் செய்கிறான். போலீஸ் விசாரணைக்கு ஃபாரம் வருகிறது. 'உங்கள் மீது வழக்கு உண்டா?' என்று ஒரு கட்டம். உண்டு என்றால் பயம். இல்லை என்று எழுதினால் அதுவே புதுத் தப்பு.

இந்தச் சிக்கலில் சுப்ரீம் கோர்ட் 2016இல் அவதார் சிங் வழக்கில் வழி சொல்லியிருக்கிறது. இளம் வயதில் செய்த அற்பமான குற்றமாக இருந்தால் வேலை கொடுப்பவர் அதைப் பெரிதுபடுத்தாமல் விடலாம். ஆனால் மறைத்தது தெரிந்தால் வேலையிலிருந்து நீக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. உண்மையைச் சொன்னவனுக்கு வாய்ப்பு உண்டு, மறைத்தவனுக்குக் கஷ்டம் என்பதே அதன் சாரம்.

பாஸ்போர்ட்டும் அப்படித்தான். கிரிமினல் கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் கொடுக்க மறுக்கலாம். துபாய், சிங்கப்பூர் வேலைக்கு விசா தயாராக இருக்கும். பையன் மட்டும் கோர்ட் அனுமதிக்காக வக்கீல் ஆபீஸ் படியேறிக்கொண்டிருப்பான்.

பதினெட்டு வயதுக்குள் என்றால் நிலைமை வேறு. இந்த மாதிரிக் குற்றங்களுக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது, விஷயம் சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும். ஆனால் அபராதத்தை அப்பா, அம்மா கட்ட வேண்டும் என்று குழுமம் உத்தரவிட முடியும். ஆகவே 'பையன் சின்னவன்' என்று பெற்றோர் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

நஷ்டம் யாருக்கு?

"கல்லுக்கு வலிக்குமா?" என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

பாறையின் மேல் சாம்பலும் பச்சையுமாகப் படர்ந்திருப்பது அழுக்கு இல்லை. பிரியாணிக்கும் செட்டிநாட்டு மசாலாவுக்கும் போடுகிறோமே கல்பாசி, அந்த இனத்தைச் சேர்ந்த உயிர். பல வகைகள் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. கையளவு படர ஒரு தலைமுறை ஆகும். பெயிண்ட் அதை ஒரே நாளில் மூடிக் கொல்கிறது. பிறகு பெயிண்டை எடுக்க ரசாயனம் ஊற்றினால் பக்கத்தில் பிழைத்திருப்பதும் சாகிறது. தேய்த்தால் கல்லின் மேல்தோல் உரிகிறது. ஆகவே எழுதுவது ஒரு சேதம், அழிப்பது இன்னொரு சேதம்.

மரத்துக்கு வலி தெரியாது என்பார்கள். ஆனால் இலை சமைத்த சாப்பாடு வேருக்கு இறங்கும் வழி பட்டைக்கு உள்பக்கம்தான் இருக்கிறது. ஒரு பேர் கீறினால் மரம் தாங்கிவிடும். கீறிய புண் வழியே பூஞ்சையும் பூச்சியும் நுழையும். வருகிறவர் எல்லாரும் சுற்றிச் சுற்றிக் கீறினால் வழி முழுக்க அடைபட்டு, மரம் நின்றபடியே சாகும்.

இன்னொரு நஷ்டம் ஊர்க்காரருக்கு. கிறுக்கல் அதிகமானால் முதலில் வேலி வரும். பிறகு 'அனுமதி இல்லை' என்று பலகை வரும். அதன் பிறகு பாதையே மூடப்படும். நுங்கும் சோளமும் விற்கிறவர், டீக்கடைக்காரர், வேன் டிரைவர் பிழைப்பில் மண் விழும். எழுதியவர் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

செய்ய வேண்டியது என்ன?

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1882, 1958, 1959, 1972, 1984, 2023 என்று ஆறு வருஷங்களின் சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. குறை வேறு இடத்தில் இருக்கிறது. தொல்லியல் துறைக்காரர் 'அது காடு' என்பார். வனத்துறை 'அது புறம்போக்கு' என்று சொல்லும். வருவாய்த்துறையோ போலீஸ் பக்கம் கையைக் காட்டும். நான்கு துறை பார்க்க வேண்டிய பாறையை யாருமே பார்க்காமல் போவது இப்படித்தான்.

ஒவ்வொரு சுற்றுலாப் பாறையிலும் இது எந்தத் துறையின் பொறுப்பு, புகார் சொல்ல எந்த நம்பர் என்று ஒரு சின்னப் பலகை வைத்தால் பாதித் தொல்லை தீரும். விளம்பரம் என்றால் எழுதியவரை விட்டு, எழுதச் சொன்னவரிடம் முதலில் போனால் மீதிப் பாதியில் பெரும்பகுதி தீரும்.

அரசியல் சட்டத்திலும் ஒரு வரி உண்டு. 1976இல் சேர்த்த 51-ஏ பிரிவு காட்டையும் ஏரியையும் ஆற்றையும் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. அந்தக் கடமையை மீறியதற்கென்று தனியாகத் தண்டனை எதுவும் அதில் இல்லை. தண்டனை தருவதற்குத்தான் மேலே சொன்ன ஆறு சட்டங்கள்.

லீவு விட்டால் மலைக்குப் போகும் பஸ் நிரம்பி வழியும். பையில் தின்பண்டம், தண்ணீர், குடை எல்லாம் இருக்கட்டும். பேனாக்கத்தியும் பெயிண்ட் டப்பாவும் வீட்டிலேயே கிடக்கட்டும். பேர் பொறிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: அந்தப் பேர் பாறையில் நிற்பதைவிட அதிக காலம் போலீஸ் ஸ்டேஷன் பதிவேட்டில் நிற்கும்!